நாலா, ஆறா

"நாலுதான் ஒசத்தின்னு கடைக்காரரே சொன்னாரு பாப்பா. ஆறு கேட்டு வர்றதுக்கு ஆளே இல்ல, நாலுதான் இப்ப—"

"கடைக்காரர் வந்து இந்த பேனல் முன்னாடி நிப்பாராண்ணா?"

"முழுசாப் பேச விடு. பழைய டிரான்ஸ்பார்மர் ஆறு பர்சன்ட். லிஃப்ட் கிளம்பினா மாடி பூரா விளக்கு கண்ணடிக்கும். அது கூடாதுன்னுதானே நான் பாத்துப் பாத்து—"

"நீ பாத்துப் பாத்து வாங்கினதாலதான் நான் தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"கையெழுத்துப் போடற கையைத் தலையில எதுக்கு வைக்கிற? பேனாவைப் பிடி."

"பிடிக்க மாட்டேன்."

அண்ணி சாப்பாட்டுப் பையோடு கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். ஏழு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் மின்சார அறைக்கு இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கும் அகலம்தான். இந்த இரண்டு பேர் அதில் நின்று சண்டை போட்டால் மூன்றாவதாக ஈ கூட நுழைய முடியாது.

ஒருவர் அவள் கணவர், மின்வேலை காண்ட்ராக்டர். மற்றவள் அவருடைய தங்கை, மின் பொறியாளர். நாற்பது தாண்டி, காதோரம் நரை தட்டி, தலைக்கவசம் போட்டுப் போட்டு நெற்றியில் தழும்பே விழுந்துவிட்டது. ஆனாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். வேலையாட்கள் அவளை மேடம் என்பார்கள். அண்ணி மட்டும் எல்லாருக்கும் அண்ணி. வேலையாட்களுக்கு அண்ணி, சாமான் கடைக்காரர்களுக்கு அண்ணி, தவறான எண்ணை அழுத்தி அவர்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டவர்களுக்குக்கூட இரண்டு நிமிடத்தில் அண்ணி.

கல்யாணமாகி வந்த புதிதில் ஊரே அவளைப் பயமுறுத்தியது. நாத்தனார் இருக்கிற வீடு, நாக்கைக் கட்டிக்கொண்டு இரு என்றார்கள். வந்து பார்த்தால் நாத்தனார் வீட்டிலேயே இல்லை. எங்கேயோ ஒரு கட்டடத்தின் கூரையில் ஏறி இடிதாங்கி சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஆச்சரியத்தில் விழுந்த அண்ணி இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை.

"வாங்க அண்ணி. உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா நான் எந்தக் காதுல யாரை வாங்கறது?" பையைச் சுவரோரம் வைத்தாள். "மேல நிலவரம் தெரியுமா? ஆறாம் மாடி டீச்சர் பால்கனியில உக்காந்து கயிறு கட்டிக் கூடையை இறக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு லிஃப்ட் ஓடும், கடைசிக் கூடை இதுதான்னு கீழ வீட்டுக்காரங்களுக்கெல்லாம் கத்திச் சொல்றாங்க."

கணவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனதிலிருந்து அந்தக் கட்டடம் வாடகை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தில் நாள் முழுக்க அதன் இரைச்சல், டீசல் நாற்றம். விளக்குக்கும் தண்ணீருக்கும் அது போதும். லிஃப்டை இழுக்க அதற்குத் தெம்பு இல்லை. டீச்சருக்குக் காலில் மாவுக்கட்டு. ஆறு மாடி இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். போன வாரம் காண்ட்ராக்டர் அவர் வீட்டு வாசலில் நின்று, வெள்ளிக்கிழமை நீங்க லிஃப்ட்ல கீழ வருவீங்க டீச்சர், இது என் வாக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்று வெள்ளிக்கிழமை.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் தங்கையிடம். "வாக்குக் குடுத்துட்டேன். காலையில மின் ஆபீஸ்காரங்க வந்து வெளி லைனும் குடுத்துட்டுப் போயாச்சு. டிரான்ஸ்பார்மர் உயிரோட இருக்கு, காதுல விழுதில்ல? இந்த ஒரு மெயின் சுவிட்ச்தான் பாக்கி. நீ சோதனைச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டா நான் சுவிட்சைப் போட்டுடுவேன்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புது டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுத் திருப்தியான ஆள் மூக்கால் பாடுவது மாதிரி.

"நான் வேற சைட்ல இருந்தேன். 'பழைய மாதிரியே ஒண்ணு வாங்கு'ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். இன்னைக்கு வந்து டிரான்ஸ்பார்மர் மேல இருக்கிற தகட்டைப் படிக்கிறேன், நாலுன்னு இருக்கு."

"பழைய மாதிரியேதான் வாங்கினேன். அதே அளவு, அதே கம்பீரம். இந்த ஒரு விஷயத்துல மட்டும் கொஞ்சம் நல்லதாப் பாத்தேன்."

அண்ணிக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சு ஞாபகம் வந்தது. ஆர்டர் சொன்னது அவள்தான். நாலா ஆறா என்று கடைக்காரர் கேட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரைக் கேட்டாள். வட்டியிலிருந்து காய்ச்சல் வரைக்கும் உலகத்தில் எது குறைந்தாலும் நல்லதுதானே, நாலே சொல்லு என்றார். நியாயமாகத்தான் பட்டது.

"பாப்பா, எனக்கு விளங்கற மாதிரி சொல்லு. நாலுன்னா என்ன, ஆறுன்னா என்ன?"

பாப்பா தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கேள்வி கேட்டால் அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிடும். அண்ணிக்கு அது தெரியும். அதற்காகவே பல கேள்விகள் கேட்டிருக்கிறாள்.

"ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் உள்ளுக்குள்ள ஒரு தடை உண்டு அண்ணி. இம்பீடன்ஸ்னு சொல்வோம். அந்த பர்சன்ட் அதோட அளவு. ஆறு பர்சன்ட்காரன் கொஞ்சம் கஞ்சன். எதைக் கேட்டாலும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத்தான் குடுப்பான். லிஃப்ட் வந்து கேட்டா விளக்குக்குக் குறைச்சுடுவான். நாலு பர்சன்ட்காரன் தாராளம். கேட்டவுடனே அள்ளிக் குடுப்பான். நம்ம அண்ணன் மாதிரி."

"நல்லதுதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் கணவர்.

"கேக்கிறவன் ஒழுங்கா இருக்கிறவரைக்கும் நல்லது. எங்கேயோ ரெண்டு வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, ஷார்ட் ஆகுதுன்னு வைங்க. அது கேக்கிறதுக்கு அளவே கிடையாது. இருக்கிறதையெல்லாம் குடுன்னு கேக்கும். கஞ்சன் அப்பவும் கையை இழுத்துப் பிடிச்சுத்தான் விடுவான். தாராளக்காரன் வாரி இறைச்சுடுவான்." தரையில் கிடந்த சாக்கட்டியை எடுத்தாள். "எவ்வளவு இறைப்பான்னு கணக்கு இருக்கு. முழு லோடு ஓடும்போது இதுல வர்ற கரண்ட் எண்ணூத்தி எழுபத்தாறு ஆம்பியர். அதை நூறால பெருக்கி, பர்சன்ட்டால வகுத்துடுங்க."

எழுதுவதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள். "நாலுக்கு இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். ஆறுக்கு… பதினாலாயிரத்து அறுநூறு."

"பாத்தியாண்ணா? அண்ணிகிட்ட கேட்டு வாங்கியிருக்கலாம்."

"அவகிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்," என்று சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

பாப்பா பேனலின் கதவைத் தொடாமல், கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்ததை விரலை நீட்டிக் காட்டினாள். கறுப்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. "இதெல்லாம் பிரேக்கர். ஷார்ட் ஆனா குறுக்க பாய்ஞ்சு கரண்டை அறுத்து விடற ஆளுங்க. சண்டையில நடுவுல பூந்து விலக்கி விடறோமில்ல, அது மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு தாங்கும்னு முகத்துலயே எழுதியிருக்கும். என்ன எழுதியிருக்கு?"

அண்ணி கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "பதினாறாயிரம்."

"பழைய டிரான்ஸ்பார்மர் பதினாலாயிரத்து அறுநூறுக்கு மேல குடுக்காது. இவங்க தாராளமா விலக்கி விட்டுடுவாங்க. இப்ப வரப்போறது கிட்டத்தட்ட இருபத்திரண்டாயிரம். விலக்க வந்தவனே வெடிச்சுடுவான். பெட்டி தெறிக்கும், செம்பு உருகிப் பறக்கும். முன்னாடி நிக்கிறவங்க மூஞ்சியில."

"குடும்பத்துலயும் அப்படி எழுதி ஒட்டினா நல்லாயிருக்கும்," என்றாள் அண்ணி. "எனக்கு எவ்வளவு தாங்கும்னு தெரியாமலேயே ரெண்டு பேரும் சண்டை போடறீங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கணவருக்கு வரவில்லை.

"தகட்டுக் கணக்கு தகட்டோட. நடுவுல கேபிள் இருக்கில்ல? அதுவும் தடைதானே? பேனலுக்கு வர்றதுக்குள்ள குறைஞ்சுடும்."

"குறையும். பழைய டிரான்ஸ்பார்மர் இருந்த பின்முற்றத்து மூலையிலேயே புதுசும் இருந்திருந்தா நல்லாவே குறைஞ்சிருக்கும். அதை இந்தச் சுவருக்குப் பக்கத்துல கொண்டுவந்து வெச்சது யாரு?"

"வோல்ட்டேஜ் குறையக் கூடாதுன்னு வெச்சேன்."

"இருந்த கேபிளைத் தூக்கிட்டு ரெண்டு மடங்கு தடிமன்ல போட்டது?"

"சூடாகக் கூடாதுன்னு போட்டேன்." குரல் இறங்கியது. "எல்லாம் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

"அதான் அண்ணா கஷ்டமே. நீ ஒண்ணையாவது அரைகுறையாப் பண்ணியிருந்தா தப்பிச்சிருப்போம். கேபிளைக் கழிச்சு, வெளி லைனோட தடையைக் கழிச்சு, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். இருபதாயிரத்துக்குக் கீழ இறங்கவே இல்ல."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குடியிருப்போர் சங்கத் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "வந்துடுச்சா?"

"இதோ," என்றார் காண்ட்ராக்டர்.

"இல்ல," என்றாள் பாப்பா.

தலைவர் இருவரையும் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அனுபவஸ்தர். "நான் மேல இருக்கேன், கூப்பிடுங்க," என்று திரும்பி ஏறிவிட்டார்.

காண்ட்ராக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கெஞ்சுகிற குரல் அவருக்கு வராது; வந்தாலும் அதட்டல் மாதிரிதான் கேட்கும். "பாப்பா, இங்க பாரு. ஷார்ட் ஆனாத்தானே இந்தப் பேச்செல்லாம்? ஒவ்வொரு வயரும் நானே தட்டிப் பாத்தேன். உறையில எங்கேயாவது கசிவு இருக்கான்னு மெகர் மீட்டர் வெச்சு சோதிச்சேன். ஷார்ட்டே ஆகாது. இன்னைக்குப் போட்டுடுவோம். அடுத்த வாரம் ஒரு நாள் நிறுத்தி பிரேக்கரையெல்லாம் மாத்திடுவோம். மேல ஒரு பொம்பளை கூடையைக் கட்டி இறக்கிட்டு இருக்காங்க. என் வாக்கு என்ன ஆறது?"

அந்த வாக்குக்காகத்தான் அண்ணி அவரைக் கட்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். சொன்னால் செய்கிற ஆள். செய்ய முடியாதபோது இரவு தூக்கத்தில்கூட மன்னிப்புக் கேட்பார். இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். போட்டுவிடேன் பாப்பா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பாப்பாவின் முகத்தையும் பார்த்தாள். அங்கே கோபம் இல்லை. வேறென்னவோ இருந்தது. பயம் மாதிரி. கூரையில் ஏறி இடிதாங்கியை ஆட்டுகிற பெண்ணுக்கு என்ன பயம்?

பாப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகினாள். "சரிண்ணா. போடறேன்."

"அப்படிச் சொல்லு."

"ஒரு நிபந்தனை. சுவிட்சை நான் போடுவேன்."

"நீ எதுக்கு?"

"என் கையெழுத்து, என் கை. நீயும் அண்ணியும் மேல போயிடுங்க."

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தாள். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டாள். பேனலை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"தள்ளி நில்லு," என்றார் அவர்.

"ஏன்?"

"தள்ளி நில்லுன்னேன். முதல் சுவிட்ச் நான்தான் போடுவேன். தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். ஊரில் மின்வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். எந்தக் கட்டடமானாலும், எத்தனை ஆட்கள் இருந்தாலும், முதல் முதலாகக் கரண்ட் விடும்போது வேலையாட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அவரே உள்ளே போவார். மீசை என்று அழைக்கப்படும் அவருடைய ஃபோர்மன் இருபது வருஷமாக அவரிடமே இருப்பதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வான்: மத்த முதலாளிங்க போ போன்னு சொல்வாங்க, எங்க முதலாளி நீ இரு, நான் போறேன்னு சொல்வாரு. அண்ணிக்குக் கர்வமாக இருக்கும். எதனால் அவர் அப்படிச் செய்கிறார் என்று இதுவரை ஒருநாளும் அவள் உட்கார்ந்து யோசித்ததில்லை.

"தெரியும். ஏன் எப்பவும் நீயே?" என்றாள் பாப்பா.

"ஏன்னா… ஏதாவது ஒண்ணுன்னா…"

நிறுத்திக்கொண்டார்.

"ஏதாவது ஒண்ணுன்னா? ஷார்ட்டே ஆகாதுன்னியே. ஒவ்வொரு வயரும் தட்டிப் பாத்தேன்னியே. அப்புறம் நான் போட்டா என்ன?"

 சுவருக்கு அப்பால் டிரான்ஸ்பார்மர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அண்ணி கையிலிருந்த கடிகாரம் துடிப்பதை உள்ளங்கையில் உணர்ந்தாள். சண்டை ஆரம்பித்ததிலிருந்து பாப்பா பேசியது பிரேக்கரைப் பற்றியே இல்லை; அதன் முன்னால் நிற்கப் போகிற முகத்தைப் பற்றி. அந்த முகம் தன் வீட்டில் தினமும் தனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "வாங்க. மேல போய் டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீ ஏன் சொல்லணும்?" அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாக்குக் குடுத்தவன் நான். நான் போறேன்." படியில் ஏறப் போனவர் திரும்பினார். "பாப்பா."

"ம்."

"அந்த பேனாவை மூடு. மை காய்ஞ்சுடும்."

பாப்பா மூடினாள். அவர் போனபிறகுதான், பேனலுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அண்ணி கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டாள்.

"நிஜமாவே கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"சாப்பாடு என்ன கொண்டுவந்தீங்க அண்ணி?"

அவர் ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, இன்னும் சில நாளாகும், தப்பு என்னுடையது என்று சொல்லிக்கொண்டு போனார். ஏழாம் மாடி முடித்துக் கீழே வந்து படியில் உட்கார்ந்தார். ஆறாம் மாடி டீச்சர் என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டாள். "'என் கால் ஒடைஞ்சதே அவசரப்பட்டுப் படியிறங்கினதாலதான், நீங்க மெதுவாவே முடிங்க'ன்னாங்க. கூடையில எனக்கு ரெண்டு ஆரஞ்சு போட்டு இறக்கிவிட்டாங்க," என்றார். ஒன்றை உரித்து, கேட்காமலேயே பாதியைத் தங்கையிடம் நீட்டினார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. அண்ணி தொலைபேசியில் தொங்கினாள். முப்பத்தாறாயிரம் தாங்கும் பிரேக்கர்கள் எங்கே கைவசம் இருக்கின்றன என்று கடை கடையாகக் கேட்டாள். இந்தத் தடவை அவள் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வியே "எவ்வளவு ஷார்ட் தாங்கும்?" என்பதுதான். மறுமுனையில் ஒருவர், அண்ணி எப்போ இன்ஜினியர் ஆனீங்க என்றார். நாத்தனார் நல்லவளா வாய்ச்சா ஆகலாம் என்றாள்.

மின் அலுவலகத்தில் சொல்லி வெளி லைனை மறுபடி நிறுத்திவிட்டு, பாப்பா பேனலுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, செம்புப் பட்டைகளுக்கு நடுவே கூடுதல் தாங்கிகள் வைத்துக்கொண்டிருந்தாள். ஷார்ட் ஆனால் இந்தப் பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும், ரெண்டு யானை முட்டிக்கொள்ளுகிற மாதிரி, பிரேக்கர் மட்டும் மாற்றினால் போதாது என்றாள். மீசை டார்ச் அடித்துக்கொண்டு நின்றான். காண்ட்ராக்டர் ஒவ்வொரு போல்ட்டையும் அவள் முறுக்கியபிறகு தானும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். என் மேல நம்பிக்கை இல்லையா என்றாள். உன் மேல இருக்கு, போல்ட் மேல இல்ல என்றார்.

வேலையின் கடைசி நாள் காலை, மின் அலுவலகத்தார் லைனைத் திரும்பக் கொடுப்பதற்கு முன், மெயின் பிரேக்கருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டாரை மாட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு வயரைக் கதவு வழியாக, படி ஏற்றி, தரைத்தள லிஃப்ட் வாசல் வரை இழுத்தாள். வயரின் நுனியில் கையளவு பெட்டி, அதில் ஒரு பச்சைப் பொத்தான்.

"என்ன இது?" என்றார் அண்ணன்.

"சுவிட்ச். இங்கிருந்தே போடலாம். உள்ள யாரும் நிக்க வேண்டாம்."

"அப்ப நான்?"

"நீயும்தான் வேண்டாம். இனிமே எந்தக் கட்டடத்துலயும்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வேறு பொம்மை கொடுக்கப்பட்ட குழந்தை மாதிரி இருந்தது முகம். இவ்வளவு காலம் கட்டிக்காத்த பழக்கம். ஒரே ஒரு வயரால் அதை முடித்துவிட்டாளே என்று அண்ணிக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அதைவிட அதிகமாக, இரண்டு கையாலும் பாப்பாவின் கன்னத்தை வழித்து முத்தமிட வேண்டும் போலவும் இருந்தது. முத்தமெல்லாம் பாப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"சரி, குடு. நான் அமுக்கறேன்."

"ஏன்? நான் இழுத்த வயரு."

"நான் எடுத்த கான்ட்ராக்ட்."

"என் கையெழுத்து."

"உன் கையெழுத்து காகிதத்துல இருக்கட்டும்—"

அண்ணி பெட்டியை நடுவிலிருந்து எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார் அவர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் பாப்பா. அண்ணி படிக்கு எதிர்ப் பக்கமாக இரண்டடி நகர்ந்தாள். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி மீசைக்குக் கை காட்டினார் காண்ட்ராக்டர். அந்த இரைச்சல் நின்றதும் கட்டடத்தில் அத்தனை நாளும் ஒளிந்திருந்த சத்தங்கள் எல்லாம் வெளியே வந்தன. யாரோ பாத்திரம் கழுவினார்கள், யாரோ இருமினார்கள்.

அண்ணி பொத்தானை அழுத்தினாள். கீழே எங்கேயோ கனமாக ஒரு 'டக்'. அவ்வளவுதான். மாடிப்படி விளக்குகள் எல்லாம் எரிந்தன.

பாப்பா விளக்கைப் பார்க்கவில்லை. கீழே ஓடி, மீட்டர்களைப் பார்த்து, பேனல் கதவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, திரும்பி வந்துதான் தலையை அசைத்தாள். பேனாவைத் திறந்து, சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மேலே சங்கத் தலைவர் யாரையோ கூப்பிட்டார். லிஃப்ட் எண் ஆறில் நின்றது. கதவு மூடுகிற சத்தம். கிளம்பியது. ஐந்து, நாலு, மூன்று. காண்ட்ராக்டர் எண்ணைப் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்திக் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்போது கண்ணடிக்கும் என்று. அடிக்கவில்லை. கதவு திறந்தது. மாவுக்கட்டுக் காலும் ஊன்றுகோலுமாக டீச்சர், கையில் சுருட்டிய கயிறும் காலிக் கூடையுமாக, வெளியே வந்தார்.

காண்ட்ராக்டர் இன்னும் விளக்கையே பார்த்துக்கொண்டு, தங்கையின் தோளை முழங்கையால் இடித்தார்.

"மங்கவே இல்ல, பாத்தியா பாப்பா? அது யாரு வாங்கின டிரான்ஸ்பார்மர்?"